துபாய் ஜான்சன் கேட்ட விலை

இங்கன உக்காரும்மா. ஜன்னல் பக்கம் வேணும்னா நீ எடுத்துக்கோ. நான் இந்த டின்னை மடியிலயே வச்சுக்கிடுதேன், கீழ வச்சா நொறுங்கிப் போவும். மேல தட்டுல வைங்கன்னு கண்டக்டர் அப்பமே புடிச்சு சொல்லிட்டு இருக்கான். உன் சோலியப் பாருன்னுட்டேன். முந்திரிக்கொத்தும்மா, பாசிப்பயறும் கருப்பட்டியும் உருட்டி எண்ணெயில சுட்டது. எம்மகளுக்கு. கோயம்புத்தூர்ல இருக்கா, மாசமா இருக்கா. எந்தத் தெருன்னு எனக்குத் தெரியாது. நான் வாரேன்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா வரவேண்டாம்னு சொன்னாலும் சொல்லுவா. சொல்லட்டுமே! கொத்தைக் கையில குடுத்துட்டு அடுத்த பஸ்ஸைப் புடிச்சு ஊருக்கு வந்துருவேன். மன்னிப்பு கின்னிப்பு கேக்க நான் போகல. அதை முதல்லயே சொல்லிட்டேன்.

என்ன மன்னிப்புன்னு கேக்கியா? கேளு, கேட்டுட்டு நீயே நியாயத்தைச் சொல்லு. ஊரே சேந்து என்னைய கள்ள ஏலக்காரின்னு சொல்லிட்டும்மா. என்னைய! எங்க ஊருக்கே கள்ள ஏலம்னா என்னன்னு சொல்லிக் குடுத்தவ நானு.

என் பேரு வயலெட். சாத்தான்குளத்துக்கு அங்கிட்டு ஊரு. தையல் வேலை. கல்யாணக் கவுனா, ஞானஸ்நான உடுப்பா, எல்லாம் எங்கிட்டதான் வரும். வீட்டுக்காரவிய போன வருசம் போய்ச் சேந்தாவ. மகன் வெளியூர்ல வேலை பாக்கான், மருமக ஷைனி எங்கூட இருக்கா. மக பெர்சி, அவதான் கோயம்புத்தூர்ல. வேற மதத்துப் பையன், பூபதின்னு பேரு, அவனைத்தான் கெட்டுவேன்னு நின்னா. நான் ஒண்ணும் வெரட்டலம்மா. அவன்தான் வேணும்னா போன்னு சொன்னேன், அவ்வளவுதான். போயிட்டா. போன்னு சொன்னா போயிருவாளா ஒருத்தி? பெத்தவ கோவத்துல ஆயிரம் சொல்லுவா. மூணு வருசமா ஒரு பேச்சு கிடையாது. அப்பா சாவுக்கு வந்தா, கல்லறைத் தோட்டத்து வாசல்ல நின்னா. நான் ஏறெடுத்துப் பாக்கல. அவளாவது பக்கத்துல வந்திருக்கலாம்லா?

சரி, அது இருக்கட்டும். ஏலத்துக்கு வாரேன்.

எனக்கு ஒரு ஓவர்லாக் மிஷின் வேணும்னு இருந்தது. துணி ஓரம் பிரியாம அடிக்கும்லா, அது. புதுசு வாங்க நமக்கு ஆவாது. ஷைனிதான் போன்ல ஒரு ஏலக்கடையைக் காட்டினா. எல்லாம் பழைய சாமான். விலையை நாம சொல்லணும். நமக்கு மேல ஒருத்தன் சொன்னா அவன் மேல நிப்பான். நேரம் முடியும்போது யாரு மேல நிக்கானோ அவனுக்கு சாமான். ஒரு மிஷின் நல்லா இருந்தது, கேட்டேன். கிங்குன்னு ஒருத்தன் எனக்கு மேல கேட்டான். நான் ஏத்துனேன். அவனும் ஏத்துனான். நான் காப்பி போடப் போனா அவனும் சும்மா கெடப்பான், நான் வந்து ஏத்துனா அடுத்த நிமிசம் ஏத்துவான். எனக்கு வந்தது பாரு ஒரு கோவம். உனக்காச்சு எனக்காச்சுல கிங்குப் பயலேன்னு ஏத்திக்கிட்டே போறேன். ஷைனி வந்து போனைப் புடுங்கிட்டா.

"மாமி, கையை எடுங்க. இவன் வாங்க வந்தவன் இல்ல, உங்களை ஏத்திவிட வந்தவன்" அப்படீங்கா.

எப்படிட்டி தெரியும்னு கேட்டேன். தள்ளித் தள்ளிக் காட்டினா. அவன் போன வாரம்தான் அந்தக் கடையில சேந்திருக்கான். படம் கிடையாது, ஒழுங்கா ஒரு பேரு கிடையாது. அந்த மிஷினை விக்கிறவன் சாமானை மட்டும்தான் கேட்டிருக்கான், வேற யாரு சாமானையும் ஏறிட்டுப் பாக்கல. அத்தனை கேட்டும் ஒண்ணு கூட வாங்கல. நாம கேட்டா உடனே கேக்கான், நாம பேசாம இருந்தா அவனும் பேசாம இருக்கான். விக்கிறவனே இன்னொரு பேர்ல வந்து உக்காந்திருப்பான் மாமி, இல்லன்னா அவன் சேக்காளியா இருப்பான்னு சொன்னா. அதுக்கு என்ன செய்யணும்னும் சொன்னா. அந்த மிஷினு நமக்கு எவ்வளவு பெறும்னு மனசுல ஒரு விலையை வச்சுக்கிடணும். அதைக் கடைசி நேரத்துல ஒரே ஒரு தடவ சொல்லணும். அதுக்கு மேல போச்சுன்னா சவம் போட்டும்னு விட்டுரணும். வீம்புக்கு ஏத்தவே கூடாது.

அப்படியே செஞ்சேன். கிங்கு எனக்கு மேல போயிட்டான், அவனுக்கே விழுந்தது. மறுநாள் விக்கிறவன் போன் பண்ணுதான். "அம்மா, அந்த ஆளு வேண்டாம்னுட்டாரு, நீங்க கேட்ட விலைக்கே தாரேன்" அப்படீன்னான். ஷைனி இதையும் முன்னாலயே சொல்லியிருந்தா. நான் கேட்டேன், "ஏல, எந்த ஆளு? உன் வீட்டுக் கண்ணாடியில நிக்கானே, அந்த ஆளா?" சட்டுன்னு வச்சிட்டான். வெளங்காத பய. பிறவு வேற ஒரு நல்ல மனுசன்ட்ட நியாயமான விலைக்கு வாங்கினேன், இன்னைக்கும் ஓடுது.

இந்தக் கதை ஊரு முழுக்கப் பரவிட்டு. ஐயரு, அதான் எங்க கோயில் பாதிரியாரு, பிரசங்கத்துலயே சொன்னாவ, வயலெட் அக்காவை மாதிரி விழிப்பா இருங்கன்னு. ஸ்டெல்லா மைனி மூஞ்சியை நீ பாத்திருக்கணும்! அவளுக்கும் எனக்கும் என்னன்னா, ஒண்ணுமில்ல. அறுப்பின் பண்டிகை ஏலத்துல வருசா வருசம் அவ குடுக்கிற கேக்குதான் கூடின விலைக்குப் போவும். நான் குடுக்கிற முந்திரிக்கொத்து அதுக்கு அடுத்துதான். எனக்கு அதெல்லாம் ஒரு விசயமே இல்லம்மா. ஆண்டவருக்குக் குடுக்கதுல என்ன முதல், ரெண்டாவது? ஆனா அந்தக் கேக்கு தொண்டையில இறங்காது, அதையும் சொல்லணும்.

எங்க ஊரு அறுப்பின் பண்டிகை உனக்குத் தெரியாதுல்லா. சனங்க வெளைஞ்சதுல முதலாவதைக் கொண்டாந்து படைப்பாங்க. வாழைத்தார், கோழி, முட்டை, பூசணிக்காய், வீட்டுல சுட்ட பலகாரம். ஆராதனை முடிஞ்சதும் ஏலம். ஒத்த முட்டை ஒரு ஆட்டுக்குட்டி விலைக்குப் போவும். எப்படிப் போவும்? சும்மா போயிருமா? விலை படுத்துட்டுன்னா தூக்கிவிட ஆளு வேணும். அது நான்தான், எத்தனையோ வருசமா. ஒருத்தர் கேட்டா நான் மேல கேப்பேன், அவரு சிரிச்சுக்கிட்டு எனக்கு மேல கேப்பாரு. வயலெட் ஏத்திவிடத்தான் கேக்கான்னு அத்தனை பேருக்கும் தெரியும். சில நேரம் எந்தலையில விழுந்துரும். விழுந்தா துட்டைக் குடுத்துட்டு, சாமானைத் திரும்பக் கோயிலுக்கே குடுத்துருவேன், மறு ஏலம் விடுவாங்க. அதுக்குப் பேரு கள்ளமாம்மா? எங்க ஊர்ல அதுக்குப் பேரு ஊழியம்.

இந்த வருசம் ஐயரு என்ன செஞ்சாவன்னா, வெளியூர்ல இருக்கிற நம்ம சனமும் கலந்துக்கிடட்டும்னு ஏலத்தை வாட்ஸ்அப்புல வச்சிட்டாவ. குரூப்பு லிங்கை அனுப்பி, சொந்தபந்தம் யாரு வேணும்னாலும் சேரலாம்னுட்டாவ. கள்ளப்பய எவனும் நுழைஞ்சிரக் கூடாதுல்லா, அதைக் கண்காணிக்க யாரு? வயலெட்டு! குரூப்புல எனக்குப் பொறுப்பு. நல்லதுதான். ஆனா கூடவே ஒரு சட்டம் போட்டாவ பாரு, கண்காணிக்கவ ஏலம் கேக்கக்கூடாதாம். ஏம்மா, என்னைய விட்டா யாரு தூக்கிவிடுவா? எல்லாம் படுத்துருமே!

அங்கதான் துபாய் ஜான்சன் வந்தான்.

வீட்டுக்காரவிய போன பிறவு அவிய ஸ்கூட்டரைத் துடைச்சேன். சீட்டுக்கு அடியில ஒரு போன் கெடந்தது. அவிய எப்பவும் வச்சிருக்கிற போனு இல்ல, வேற ஒண்ணு. ரெண்டாவது போனு எதுக்கு அந்த மனுசனுக்கு? சீட்டுக் கீட்டு ஆடினாவளோன்னு கூட நினைச்சேன். ஒரு பேரும் அதுல பதிஞ்சு வைக்கல. சரி, அவிய சாமான், கெடக்கட்டும்னு ரீசார்ஜ் பண்ணி வச்சிருந்தேன். அந்த நம்பரை எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது, ஊர்லயும் தெரியாது. அதுல ஜான்சன், துபாய்னு பேரு போட்டு, ஒரு ஈச்ச மரத்துப் படத்தையும் வச்சு குரூப்புல சேந்தேன். ஆண்டவருக்குத்தானே செய்யுதேன்!

ஜான்சன் நல்லா உழைச்சாம்மா. அன்னைக்கு மத்தியானம் வாழைத்தாரைத் தூக்கினான், சேவலைத் தூக்கினான். சரியான இடத்துல விட்டுட்டு நகந்துருவான், ஒண்ணும் எந்தலையில விழல. ஐயருக்கே சந்தோசம், துபாய் சகோதரருக்கு நன்றின்னு போட்டாவ. ஸ்டெல்லா கேக்குக்கு மட்டும் ஜான்சன் வாயைத் திறக்கல. அப்பவும் அது நல்ல விலைக்குப் போயிட்டு, சவம்.

அடுத்து என் முந்திரிக்கொத்துப் படம் வந்தது. உடனே ஒருத்தன் கேட்டான். படம் இல்லாத நம்பரு, பேரு இல்ல. ஜான்சன் ஏத்துனான். அவன் உடனே ஏத்துனான். எனக்கு மனசுக்குள்ள ஒரு குளிர்ச்சி. இப்படியே போனா கேக்கைத் தாண்டிரும்லா? ஏத்துனேன். அவனும் ஏத்துனான். நான் பேசாம இருந்தா அவனும் பேசாம இருக்கான். அப்பதான் எனக்குப் பொறி தட்டிச்சு. தள்ளித் தள்ளிப் பாத்தேன். காலையிலதான் குரூப்புல சேந்திருக்கான். அத்தனை சாமான் போச்சு, ஒண்ணையும் கேக்கல. என் சாமானை மட்டும் கேக்கான். நான் கேட்டா உடனே கேக்கான். அப்படியே அந்தக் கிங்குப் பய லட்சணம்! எவனோ என்னைய கேலி பண்ண ஏற்பாடு பண்ணியிருக்கான்னு நினைச்சேன். யாரு பண்ணுவா? ஸ்டெல்லாதான் பண்ணுவா.

வயலெட் நம்பர்லருந்து கேட்டேன், நீங்க யாரு, எந்தக் குடும்பம்னு.

"வெளியூருங்க. முந்திரிக்கொத்து வேணுங்க."

அத்தனை நல்ல சாமான் வந்ததே, ஏன் வேற ஒண்ணும் கேக்கலன்னு கேட்டேன்.

"வேற எதுவும் வேண்டாங்க."

திமிரைப் பாத்தியா? அப்படித்தான் எனக்குப் பட்டது. ஜான்சனை விட்டு ஏத்துனேன். அவன் ஏத்துனான். கேக்கு விலையைத் தாண்டிட்டு. அத்தோட விட்டிருக்கலாம்னு ஷைனி சொல்லுதா. எப்படி விட? கள்ளனை அம்பலப்படுத்தாம விடவா? பெருசா ஒரு ஏத்து ஏத்துனேன். அவன்ட்டருந்து பதில் வந்தது. "இதுக்கு மேல என்னால முடியலைங்க. வீட்ல ரொம்ப ஆசைப்பட்டாங்க. பரவால்லைங்க." ஐயரு ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் போட்டாவ. துபாய் ஜான்சனுக்கு விழுந்தது.

பாத்தியளா, கள்ளப்பய ஓடிட்டான், அவனைக் குரூப்பை விட்டு வெளிய தள்ளுங்கன்னு நான் எழுதி அனுப்பிட்டேன். ஸ்டெல்லா கூட கைதட்டுத படம் போட்டா. அப்ப அதே நம்பர்லருந்து ஒரு வாய்ஸ் வந்தது. தட்டினேன். எம்மக குரலும்மா.

அப்படியே சொல்லுதேன் கேளு, ஒரு வார்த்தை எனக்கு மறக்கல. "ஐயரவாளுக்கு ஸ்தோத்திரம். நான் பெர்சி பேசுதேன். ஏலம் கேட்டது என் வீட்டுக்காரர். நான் மாசமா இருக்கேன், எனக்கு அம்மா சுட்ட கொத்து திங்கணும்போல இருந்தது. அம்மாகிட்ட கேக்க முடியாது. கோயில்ல கேட்டா துட்டுக்காவது கிடைக்கும்னு நினைச்சோம். அது போட்டும். ஜான்சன்னு வந்திருக்கது எங்கப்பா நம்பரு. எங்கூடப் பேசுறதுக்குன்னே அப்பா வச்சிருந்தது. வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு அதுலருந்துதான் கூப்பிடுவாவ. அந்த நம்பர்லருந்து எனக்கு எதிரா விலை கேக்கது யாருன்னு மட்டும் சொல்லுங்க."

அவ்வளவுதான். எல்லாரு வீட்டுலயும் அந்தக் குரல் கேட்டிருக்கும். அடுத்த வீட்டு ஜன்னல் வழியா எனக்கே கேட்டது. நான் தையல் மிஷின் முன்னால உக்காந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை சந்தை! வாரா வாரம் சொத்தைக் கத்தரிக்காயா வாங்கிட்டு வருவாவ. கண்ணு எங்க இருந்தது, பாத்து வாங்கத் தெரியாதான்னு ஏசுவேன். சிரிப்பாவ. போனைக் காதுல வச்சு மகட்ட பேசிக்கிட்டே வாங்கினா மனுசன் எப்படிம்மா பாத்து வாங்குவான்? எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா? சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எனக்குப் பயந்து பயந்து பேசியிருக்காவ. அவிய மேல கோவம்தான் வருது, வேற என்ன வரும்?

ஐயரு சாயங்காலமே வந்துட்டாவ. "வயலெட் அக்கா, குரூப்புல ஒரு மன்னிப்புப் போட்டுருங்க, முடிஞ்சு போவும்" அப்படீங்காவ. எதுக்கு ஐயரவாள்னு கேட்டேன். நான் ஒரு காசு எடுத்தேனா? ஜான்சன் மேல விழுந்தது, துட்டை நான் கட்டிட்டேன்லா, தையல்ல சேத்து வச்ச துட்டு! விழுந்தா கட்டணும், அதுதானே எங்க வழக்கம்? கட்டியாச்சு, கொத்து டின்னையும் கோயில்லருந்து எடுத்தாந்தாச்சு. அப்படின்னா வழக்கப்படி கொத்தைத் திரும்பக் குடுங்க, மறு ஏலம் விடுவோம்னாவ. அது மட்டும் நடக்காதுன்னு சொல்லிட்டேன். இந்தக் கொத்து இனி ஏலத்துக்குப் போவாது ஐயரவாள், நீங்க பிஷப்பையே கூட்டிட்டு வந்தாலும் போவாதுன்னேன். டின்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். அவிய பாவம், ஜெபம் பண்ணிட்டுப் போயிட்டாவ.

ஷைனி இருக்காளே, வாயாடி, அவ ஒண்ணு கேட்டா. "மாமி, அந்தக் கிங்குக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?" அவன் துட்டுக்குச் செஞ்சான்ட்டி, நான் ஆண்டவருக்குச் செஞ்சேன்னேன். "ஆண்டவருக்கா, ஸ்டெல்லா மாமிக்கா?" அப்படீன்னா. எனக்கு வந்த கோவத்துல அவகிட்ட பேசுறதையே விட்டுட்டேன். நேத்து அவளே வந்து ஒரு சீட்டுல பெர்சி நம்பரை எழுதி மிஷின் மேல வச்சா, கூடவே இந்த பஸ் டிக்கெட்டையும் வச்சா. பெர்சி சிங்காநல்லூர் பக்கம் இருக்கா, போய் இறங்கிட்டுக் கூப்பிடுங்க, அவளே வீட்டைச் சொல்லுவா, அப்படீன்னா. வாயாடின்னாலும் நல்லவதான்.

நீயே சொல்லும்மா. மூணு வருசமா அவ கேக்கலங்கிறது என் தப்பா? ஒரு போன் போட்டு, அம்மா, கொத்து திங்கணும்போல இருக்குன்னு சொல்லியிருந்தா, பறந்து வந்து சுட்டுக் குடுத்திருக்க மாட்டேனா? என்னது? நான் போன் எடுத்திருப்பேனான்னா கேக்க? அது... அது வேற கதை. நீயும் ஷைனி மாதிரியே பேசுத.

என்ன, எல்லாரும் எந்திரிக்காவ? வந்துட்டா? இதுதான் சிங்காநல்லூரா? அய்யோ, சீக்கிரமா வந்துட்டே. இரும்மா, இரு, என்னைய விட்டுட்டுப் போயிராத. கூட்டம் இறங்கட்டும்.

எனக்கு ஒரு உதவி பண்ணு தாயி. உன் போன்லருந்து இந்த நம்பருக்குப் போடு. கொரியர் ஆபீஸ்னு சொல்லு. பார்சல் வந்திருக்கு, அட்ரஸ் சரியா இல்ல, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கிடுங்கன்னு சொல்லு. அவ வந்துருவா. வந்துட்டான்னா மூஞ்சியைப் பாத்து நான் பேசிக்கிடுவேன். என்ன அப்படிப் பாக்க? ஒரு நல்ல காரியத்துக்குத்தானே சொல்லச் சொல்லுதேன், யாரு சொத்தையும் எழுதி வாங்கவா சொன்னேன்? உன் குரல் அவளுக்குத் தெரியாது, அதான் உங்கிட்ட கேக்கேன். வயலெட்டுன்னு சொன்னா வச்சிருவாம்மா. ஒரேயடியா வச்சிருவா. பிறவு நான் இந்த டின்னைத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்?

மாட்டியா? பொய்யெல்லாம் சொல்லமாட்டியாக்கும்! பெரிய இவ. சரி, போனையாவது போட்டுக் குடு. நானே குரலை மாத்திப் பேசிக்கிடுதேன். எனக்கென்ன வராதா? துபாய்க்காரனாவே பேசினவ நானு.

மணி அடிக்குது.

எடுத்துட்டா. ஏம்மா, எடுத்துட்டாம்மா...

ஹலோ. கொரியர் ஆபீஸ்லருந்து... ஒரு பார்சல்...

ஹலோ. இருக்கியா? இல்ல, கொரியர் இல்ல. யாரும் இல்ல. அம்மா. ஆமா, அம்மாதான் பேசுதேன் பெர்சி. வச்சிராதட்டி.